வழிப்போக்கரும் சித்திர மண்டபமும்

எங்கள் ஊரின் பெயரிலேயே ஒரு சத்திரம் இருக்கிறது. சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி, காஞ்சிபுரத்துக்கு முன்னால் உள்ள சுங்குவார்சத்திரம் எங்கள் ஊர். சத்திரம் என்றால் என்ன என்று இன்றைய மாணவனைக் கேட்டால், கலியாண மண்டபம் என்று விடை சொல்வான். அவன்மேல் குற்றமில்லை. கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் பிரயாணம் செய்தவர்கள் தங்கி இளைப்பாறுவதற்காக அறச்சிந்தை உடையவர்கள் கட்டி வைத்த இடம் சத்திரம் என்பதை நாம்தான் அவனுக்குச் சொல்லவில்லை.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், பெருநகரங்களின் நிலத்தடி ரயில் நிலையங்களில் அமைந்துள்ள சித்திரங்களும் சிற்பங்களும். சத்திரத்தில் தொடங்கிச் சுரங்க ரயிலுக்குப் போவது எப்படி என்று நேயர்கள் வியக்கலாம். இரண்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு என்பதே என் கட்சி.

வழிப்போக்கருக்காகச் சித்திரம் எழுதி வைப்பது நமக்குப் புதிய செய்தி அன்று. எட்டுத்தொகை நூல்களுள் ஒன்றாகிய பரிபாடலில், நப்பண்ணனார் பாடிய பத்தொன்பதாம் பாடல் திருப்பரங்குன்றத்தைப் பற்றியது. மதுரையிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாகக் குன்றத்துக்குச் செல்கிறார்கள். அங்கே ஓர் எழுத்துநிலை மண்டபம் இருக்கிறது. அதாவது, சித்திரம் எழுதிய மண்டபம். அதில் காமனும் இரதியும் எழுதப்பட்டிருக்கிறார்கள். பூனை வடிவில் ஓடும் இந்திரனும், அகலிகையும், சினங்கொண்ட கௌதமனும் எழுதப்பட்டிருக்கிறார்கள். புலவர் அச்சித்திரங்களின் அழகைப் புகழ்வதோடு நின்றுவிடவில்லை. பார்த்தவர்கள் "இவர் யார், இவர் யார்" என்று கேட்டதையும், அறிந்தவர்கள் சுட்டிக்காட்டி விடை சொன்னதையும் பதிவு செய்கிறார். பொது இடத்துச் சித்திரத்தின் பயன் முழுவதும் இந்த ஒரு காட்சியில் அடங்கிவிட்டது என்று நான் கருதுகிறேன். தெரியாத ஒருவன் கேட்கிறான். தெரிந்த ஒருவன் சொல்கிறான். முன்பின் அறியாத இருவரைச் சித்திரம் பேச வைத்துவிடுகிறது.

சத்திரம் கட்டியவர்களும் இதை உணர்ந்திருந்தார்கள். தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் அமைத்த முத்தாம்பாள் சத்திரத்தைச் சிலர் பார்த்திருக்கக்கூடும். சோறும் தங்குமிடமும் மட்டும் போதும் என்றிருந்தால் நான்கு சுவரும் கூரையும் போதுமே. ஆனால் அங்கே அடித்தளத்தைத் தேர் போல அமைத்து, யானையும் குதிரையும் அதை இழுத்துச் செல்வது போலச் சிற்பம் செதுக்கினார்கள். களைத்து வந்தவனுக்கு வயிறு மட்டும் இல்லை, கண்ணும் உண்டு என்பது அவர்கள் எண்ணம் போலும்.

இனி நிலத்தடிக்கு இறங்குவோம். உலகின் முதல் நிலத்தடி ரயில் 1863ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் லண்டன் மாநகரில் பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கியது. இழுத்தது நீராவி எஞ்சின். புகையும் கரியும் நிறைந்த அச்சுரங்கத்தில் கலையைப் பற்றி நினைக்க நேரம் ஏது? விரைவாகப் போய்ச் சேர்ந்தால் போதும் என்றே மக்கள் நினைத்தார்கள். பின்னர் மின்சாரம் வந்தது, புகை நீங்கியது. 1908ஆம் ஆண்டு முதல் லண்டன் நிலையங்களில் தேர்ந்த ஓவியர்கள் வரைந்த விளம்பரச் சுவரொட்டிகள் இடம் பெறலாயின. எனினும் அவை பிரயாணியைப் பயணத்துக்கு அழைத்த விளம்பரங்களே.

நிலையத்தையே கலைக்கூடமாகக் கட்டும் முயற்சியைப் பெரிய அளவில் மேற்கொண்ட நகரம் மாஸ்கோ. அங்கே சுரங்க ரயில் 1935ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் தொடங்கிற்று. 1938இல் திறக்கப்பட்ட மயகோவ்ஸ்கயா நிலையத்தின் விதானத்தில், அலெக்சாந்தர் தெய்னேகா என்னும் ஓவியர் வண்ணச் சில்லுகளைப் பதித்துச் சோவியத் நாட்டு வானத்தின் ஒரு நாளைத் தீட்டினார். பூமிக்கடியில் நிற்பவன் தலை நிமிர்ந்தால் வானமும் விமானங்களும் தெரியும்! அதே ஆண்டில் திறக்கப்பட்ட புரட்சிச் சதுக்க நிலையத்தில் மத்வேய் மனீசர் வார்த்த 76 வெண்கல உருவங்கள் உள்ளன. உழவர், தொழிலாளி, மாணவர், போர்வீரர் என எல்லாரும் அங்கே உண்டு.

இவற்றைச் செய்வித்த அரசு, தன் பெருமையை மக்களுக்கு அறிவிக்கவே செய்வித்தது என்பதில் ஐயமில்லை. மக்கள் என்ன செய்தார்கள்? எல்லைக் காவலன் ஒருவனோடு அமர்ந்திருக்கும் நாயின் மூக்கைத் தொட்டால் நன்மை உண்டாகும் என்று நம்பத் தொடங்கினார்கள். பரீட்சைக்குப் போகும் மாணவர்கள் இன்றும் தொட்டுவிட்டுப் போகிறார்கள். பலர் கை பட்டுப் பட்டு அந்த மூக்கு மட்டும் பொன் போல மின்னுகிறது. நம் கோயில் தூண்களில் பக்தர் கை பட்டு வழவழப்பாகிப்போன உருவங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள்பவர் சொல்ல நினைத்தது ஒன்று; வழிப்போக்கர் எடுத்துக்கொண்டது ஒன்று.

சுவீடன் நாட்டுத் தலைநகர் ஸ்டாக்ஹோமின் வரலாறு வேறு விதமானது. அங்கே நிலத்தடி நிலையங்களில் கலை வேண்டும் என்ற கோரிக்கையை ஓவியர்களே எழுப்பினார்கள். வேரா நில்சன், சீரி தேர்க்கெர்த் என்னும் இரு பெண் ஓவியர்கள் அதற்காக 1950களில் முன்னின்று வாதாடினர். 1957இல் நகரின் மைய நிலையத்தில் முதற் கலைப்படைப்புகள் இடம்பெற்றன. இன்று ஏறத்தாழ 100 நிலையங்களில் 90க்கு மேற்பட்டவற்றில் கலை இருக்கிறது. அவற்றுள் இரண்டை மட்டும் சொல்லுகிறேன். எங்கள் ஊர்க்காரனாகிய எனக்கு இரண்டும் நெஞ்சில் தைத்தவை.

1975இல் நகர மைய நிலையத்தின் ஆழமான தளத்தைப் பேர் ஊலோப் உல்த்வெத் என்பவர் தீட்டினார். பாறையைக் குடைந்து, குகையின் கரடுமுரடு மறையாமலே விடப்பட்ட இடம் அது. வெண்மை மேல் நீலக் கொடிகளும் இலைகளும் தீட்டிய அவர், ஒரு பகுதியில் அந்த நிலையத்தைக் கட்டிய தொழிலாளர்களின் நிழலுருவங்களை வரைந்தார். பற்றவைப்பவரும் தச்சரும் பாறை உடைப்பவரும் அங்கே இருக்கிறார்கள். பெரிய கட்டடங்களில் திறப்பு விழா நடத்தியவர் பெயர் கல்லில் இருக்கும். கட்டியவர் பெயர் எங்கும் இராது. இங்கே கட்டியவரே சுவரில் நிற்கிறார்.

அதே 1975இல் திறந்த சோல்னா சென்ட்ரம் நிலையத்தில் வேறொரு காட்சி. குகையின் மேல்பகுதி முழுவதும் செக்கச் சிவந்த வானம். கீழே பச்சை மரக்காடு. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் கார்ல்-ஊலோவ் பியோர்க், அந்தேர்ஸ் ஓபேரி என்னும் இருவர் அதில் தீட்டியது, காடு அழிவதையும் கிராமங்களை விட்டு மக்கள் நகரத்துக்குப் போய்விடுவதையும் பற்றிய கவலையை. அரசின் பணத்தில் கட்டிய நிலையத்தில் அரசையே யோசிக்க வைக்கும் ஓவியத்துக்கும் இடம் கொடுத்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

அடுத்து மெக்ஸிகோ நகரம். அங்கே 1969ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியபோது ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. பிரயாணிகளில் எழுதப் படிக்கத் தெரியாதவர் பலர். பெயர்ப்பலகை அவர்களுக்கு எதற்கு உதவும்? ஆகவே லான்ஸ் வைமன் என்னும் வடிவமைப்பாளரைக் கொண்டு நிலையந்தோறும் ஒரு சின்னம் வகுத்தார்கள். சபூல்தெபெக் என்பதற்கு அந்நாட்டுப் பழங்குடி மொழியில் வெட்டுக்கிளிக் குன்று என்பது பொருள். அந்த நிலையத்தின் சின்னம் வெட்டுக்கிளி. பீனோ சுவாரெஸ் என்னும் நிலையத்துக்காக மண்ணைத் தோண்டியபோது காற்றுத் தெய்வத்தின் பழங்கோயில் ஒன்று வெளிப்பட்டது. அதை அகற்றாமல் நிலையத்துக்கு நடுவிலேயே விட்டுவைத்து, அதன் உருவத்தையே சின்னமாகவும் ஆக்கினார்கள். படிக்கத் தெரியாத தாயும் பிள்ளையிடம், "வெட்டுக்கிளியில் இறங்கு" என்று சொல்லி அனுப்பலாம் அல்லவா?

முப்பது ஆண்டுகளுக்கு மேல் எழுத்து கற்பித்தவன் நான். எழுத்து அறியாதவரைக் குறைத்து எண்ணும் பழக்கம் எங்கள் தொழிலில் மெல்ல வந்து ஒட்டிக்கொள்ளும். அதை எனக்கு உணர்த்தியவன் எங்கள் ஊர்ச் சந்திப்பில் ஓர் இரவு என்னை வழி கேட்ட ஒடிசா நாட்டு இளைஞன். தொழிற்சாலைப் பேருந்து ஏறும் இடம் அவனுக்குத் தெரியவில்லை. இந்தியும் ஆங்கிலமும் கலந்து, "கோழி, கோழி" என்று கையால் கொண்டையும் அலகும் காட்டினான். கடைசியில்தான் விளங்கியது: கோழிப்படம் எழுதிய பரோட்டாக் கடைக்கு எதிரே அவன் ஏற வேண்டும். தன் மொழியில் அவன் நன்கு படித்தவன். எங்கள் ஊரில் அவன் எழுத்தறியாதவன், அவ்வளவுதான். அந்தக் கோழியே அவனுக்கு அரிச்சுவடி.

நம் நாட்டில் முதல் நிலத்தடி ரயில் கல்கத்தாவில், 1984ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள், எஸ்பிளனேட் முதல் பவானிபூர் வரை ஓடிற்று. அவ்வழியில் உள்ள ரவீந்திர சதன் நிலையத்தின் சுவர்களில் தாகூரின் கையெழுத்துகளும் சித்திரங்களும் பெரிதாக்கி அமைக்கப்பட்டுள்ளன. பணியில் இருந்த காலத்தில் ஒருமுறை அங்கே போயிருந்தேன். தாகூர் எழுதும்போது அடித்த வரிகளை அப்படியே விட்டுவிடமாட்டார். அடித்தல்களை ஒன்றோடொன்று இணைத்துப் பறவையாகவும் விசித்திர முகமாகவும் மாற்றிவிடுவார். பின்னாளில் அவர் ஓவியரானதற்கு அதுவே முதற்படி. நான் நின்றுகொண்டிருந்தபோது ஒரு தந்தை தம் சிறு மகனுக்கு வங்காளத்தில் ஏதோ விளக்கினார். சொல் எனக்குப் புரியவில்லை. ஆனால் பையன் தன் பையிலிருந்த நோட்டை எடுத்து, அதில் தான் அடித்திருந்த இடத்தைத் தந்தைக்குக் காட்டினான். அடித்தல் திருத்தலுக்கு மதிப்பெண் குறைத்தே பழகிய நான் அந்த இடத்தில் சற்றுத் தலைகுனிந்தேன்.

தமிழ் கூறும் நிலையம் ஒன்றும் உண்டு. அது சிங்கப்பூரில் இருக்கிறது. அந்நாட்டின் வடகிழக்கு ரயில் பாதை 2003ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் திறக்கப்பட்டது. முழுவதும் நிலத்தடிப் பாதை. நிலையத்தைக் கட்டி முடித்தபின் சுவரில் படம் மாட்டுவது என்றில்லாமல், கட்டும்போதே கலைஞர்களைக் கட்டடக் கலைஞர்களோடு சேர்த்துப் பணி செய்யவிட்டார்கள். நம்மவர் வாணிகம் செய்யும் லிட்டில் இந்தியா நிலையத்தில், எஸ். சந்திரசேகரன் என்னும் கலைஞர், இறந்தகாலத்து நினைவுகள் என்று பொருள்படும் பெயரில், இந்திய நாட்டுப்புறக் கலை மரபைத் தழுவிய உருவங்களைப் படைத்திருக்கிறார். நிலையச் சுவர்களில் உள்ள உலோகக் கிராதிகளில் இலை வடிவங்கள் இருக்கின்றன. இந்துக்களின் பூசையறைக் கதவை நினைவூட்டும் வண்ணம் அமைக்கப்பட்டவை அவை. பெயர்ப்பலகையில் தமிழும் உண்டு.

ஓய்வு பெற்றபின் என் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அவளோடு அங்கே இறங்கினேன். ஒரு சீன முதியவர் கிராதியைத் தடவிப் பார்த்துவிட்டு, இது என்ன வடிவம் என்று என் மகளைக் கேட்டார். அவள் ஆங்கிலத்தில், "எங்கள் வீட்டுச் சாமியறைக் கதவு இப்படித்தான் இருக்கும்" என்றாள். அவர் தம் வீட்டில் முன்னோர்க்கு விளக்கேற்றும் மாடத்தைப் பற்றிச் சொன்னார். இரண்டு நிமிஷப் பேச்சு, ரயில் வந்தது, பிரிந்துவிட்டோம். ரயிலில் அமர்ந்தபோது எனக்குப் பரங்குன்றத்து மண்டபம் நினைவுக்கு வந்தது. கேட்டவர் ஒருவர், சொன்னவர் ஒருவர். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் இடையில் கழிந்திருக்கின்றன, காட்சி ஒன்றே.

ஆனால் எழுதப்பட்ட சித்திரம் என்றும் நிற்கும் என்று எண்ணுவது பிழை. லண்டனில் டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு நிலையத்தின் சுவர்களில், எட்வர்டோ பவுலோட்ஸி என்னும் சிற்பி 1980களில் வண்ணச் சில்லுகளால் பெரும் ஓவியம் அமைத்தார். அந்நிலையத்தை விரிவாக்கியபோது, நகரும் படிக்கட்டுகளின் மேலே அவர் அமைத்த வளைவுகளை 2015ஆம் ஆண்டு அகற்றிவிட்டார்கள். மக்கள் எதிர்த்துக் குரல் எழுப்பினர், பயனில்லை. ஓவியத்தின் பெரும்பகுதி தப்பியது; பெயர்த்தெடுத்த துண்டுகள் அவர் பிறந்த எடின்பரோ நகரத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

இதைச் சொல்லி லண்டன்காரர்களைக் குறை கூற எனக்கு உரிமை இல்லை. நானும் ஒரு சுவரை அழித்தவன். நான் தலைமை ஆசிரியராக இருந்த பள்ளி ஒன்றில், சாலையைப் பார்த்த மதிற்சுவரில் ஓவிய ஆசிரியரும் மாணவர்களும் சேர்ந்து ஊரை எழுதியிருந்தார்கள். ஏரியும் மடையும், நாற்று நடும் பெண்களும், முதியவர்கள் சொல்லக் கேட்டு வரைந்த ஒரு பழைய சத்திரத் திண்ணையும் அதில் இருந்தன. பேருந்துக்கு நிற்பவர்கள் அதைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். மழையில் சுவர் கறுத்தது. ஆண்டாய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று கடிதம் வந்தது. ஒரே நாளில் வெள்ளையடிக்க உத்தரவிட்டேன். மறுநாள் காலை, ஏரியை வரைந்த பத்தாம் வகுப்புப் பெண் என் அறை வாசலில் நின்று, "சார், எங்க ஏரி போச்சே" என்றாள். அடுத்த ஆண்டு புதிதாக வரையலாம் என்று சமாதானம் சொன்னேன். வரையவில்லை. ஆய்வுக்கு வந்தவர் அந்தச் சுவரை ஏறிட்டும் பார்க்கவில்லை.

அந்தத் தவற்றை இன்று ஏன் சொல்கிறேன்? சென்னையில் 2017ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள் திருமங்கலத்துக்கும் நேரு பூங்காவுக்கும் இடையே மெட்ரோ ரயில் முதன்முதலாக நிலத்தடியில் ஓடிற்று. அந்த மெட்ரோவைப் பூந்தமல்லியிலிருந்து எங்கள் ஊர் வழியாகப் பரந்தூர் வரை நீட்டிக்கத் திட்டம் வகுத்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் அது தூண்களின் மேல் செல்லும் பாதை. நிலத்தடியானால் என்ன, தூணின் மேலானால் என்ன? நிலையம் என்று ஒன்று வந்தால் சுவர் வரும். சுவர் வந்தால் அதில் என்ன இருக்க வேண்டும் என்ற கேள்வியும் வரும்.

அச்சுவரில் விளம்பரம் மட்டுமே இருந்துவிடலாம். அல்லது எந்த ஊருக்கும் பொருந்தும் மயிலும் தாமரையும் எழுதிவிடலாம். அழகில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவற்றைப் பார்த்து யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். கேட்டாலும் ஊர்க்காரன் சொல்வதற்கு ஒன்றும் இராது. ஏரிப் பாசனத்தில் வாழ்ந்த ஊர்களின் நடுவே இன்று கைப்பேசியும் மோட்டார் வண்டியும் செய்யும் ஆலைகள் நிற்கின்றன. தென்மாவட்டங்களிலிருந்து வந்த பெண்கள் இரவு முறை முடிந்து விடியற்காலையில் பேருந்தில் தூங்கிக்கொண்டு போகிறார்கள். வடநாட்டு இளைஞர்கள் கோழிப்படத்தை அடையாளம் வைத்து நடமாடுகிறார்கள். ஸ்டாக்ஹோம் ஓவியர் போல ஒருவர் இவர்களுடைய நிழலுருவையும், போன ஏரியின் உருவையும் ஒரே சுவரில் எழுதினால், "இது என்ன" என்று ஒருவன் கேட்பான். சொல்வதற்கு எங்களிடம் செய்தி உண்டு. ஊருக்கு ஒரு சின்னம் வேண்டுமென்றால் அதற்கும் தொலைவு போக வேண்டியதில்லை. ஊரின் பெயரிலேயே சத்திரத் திண்ணை இருக்கிறது. அதை எந்த மொழிக்காரனும் படிக்கலாம்.

எழுதிய பிறகு அதைக் காப்பதற்கும் ஆள் வேண்டும். மழைக் கறை பட்டதென்று என்னைப் போன்ற ஒருவர் வெள்ளையடிக்கச் சொல்லும்போது, வாசலில் வந்து நிற்கும் அந்தப் பெண்ணைப் போன்ற ஒருவர் வேண்டும். அவள் சொல்லைக் கேட்கும் காதும் வேண்டும்.

என்னால் இப்போது சுவர் எழுத இயலாது. ஆகையால் ஒரு சிறு வேலை செய்துகொண்டிருக்கிறேன். எங்கள் பக்கத்து முதியவர்களிடம் போய், மடை எங்கே இருந்தது, வண்டி மாடுகளுக்கு எங்கே தண்ணீர் காட்டினார்கள், திண்ணையில் யார் யார் படுத்தார்கள் என்று கேட்டு, ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். பாதி நோட்டு நிரம்பியிருக்கிறது. சித்திரம் எழுத ஒருவர் எங்கள் ஊருக்கு வந்து கேட்கும் நாளில் அதை அவரிடம் கொடுப்பேன்.